சங்கிலிகளை உருக்கி வார்த்த மணி



நம் சபைகளின் ஆராதனையில் சாட்சி சொல்லும் வேளை ஒன்று உண்டு. காய்ச்சல் நீங்கியதற்காக ஒருவர் எழுந்து கர்த்தரைத் துதிக்கிறார். அறுவைச் சிகிச்சை நலமாய் முடிந்ததற்காக இன்னொருவர் நன்றி செலுத்துகிறார். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்கு நல்ல வரன் அமைந்தது, வீடு கட்டி முடிந்தது என்று சாட்சிகள் தொடர்கின்றன. ஆனால், "மனச்சோர்வுக்கு ஓராண்டாக மருந்து உட்கொண்டு வருகிறேன், இருண்ட நாட்களில் ஆண்டவர் என்னைத் தாங்கினார்" என்று ஒருவர் எழுந்து சொல்ல நாம் கேட்டதுண்டா? "குடியிலிருந்து விடுபடச் சிகிச்சை பெற்று வருகிறேன், எனக்காக ஜெபியுங்கள்" என்ற வேண்டுகோள் நம் காதில் எத்தனை முறை விழுந்திருக்கிறது?

இந்நோய்கள் நம் நடுவில் இல்லாததனால் அந்தச் சாட்சிகள் எழாமல் இருக்கவில்லை. சர்க்கரை நோய்க்கான மாத்திரையைச் சாப்பாட்டு மேசையிலேயே வைக்கிறோம். மனநோய்க்கான மாத்திரையை அலமாரியில் துணிகளுக்கு அடியில் மறைத்து வைக்கிறோம். வெளியே தெரிந்தால் குடும்பத்தின் பெயர் என்னாகும், பிள்ளைகளின் திருமணம் என்னாகும், சபையார் என்ன பேசுவார்கள் என்ற அச்சம் நம் நாவைக் கட்டிப்போடுகிறது. நோயின் பாரத்தோடு, அதை மறைக்கும் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிற குடும்பங்கள் நம் சபைகளில் உள்ளன.

இந்தக் கட்டு எங்கும் எக்காலத்தும் இருந்ததுதான். அது அமெரிக்க நாட்டில் எவ்வாறு சிறிது சிறிதாகத் தளர்ந்தது என்ற வரலாற்றை இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அவ்வரலாற்றில் மருத்துவர்களுக்கும் சட்டங்களுக்கும் பங்கு உண்டு. எனினும், கதவைத் திறந்தவர்கள் பெரும்பாலும் சாதாரண மனிதர்கள். தாங்கள் கண்டதை, அல்லது தங்களுக்கு நேர்ந்ததை, மறைக்காமல் சொன்னார்கள்; அவ்வளவே. நம் வழக்கில் சொன்னால், அவர்கள் சாட்சி பகர்ந்தார்கள்.

கல்லறைகளில் குடியிருந்தவன்

அவ்வரலாற்றுக்குள் செல்லுமுன் மாற்கு சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். கதரேனருடைய நாட்டில் கல்லறைகளின் நடுவே ஒரு மனிதன் குடியிருந்தான். இரவும் பகலும் கூக்குரலிட்டுத் தன்னைக் கற்களால் காயப்படுத்திக்கொண்டிருந்தான். ஊரார் அவனைப் பலமுறை விலங்குகளாலும் சங்கிலிகளாலும் கட்டியிருந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அவனை வாதித்தவை அசுத்த ஆவிகள். சங்கிலி போட்டவர்களோ அவனுடைய ஊர் மக்கள். அவனுக்காக அவர்கள் செய்ததாக நாம் அங்கே வாசிப்பது அது ஒன்றே.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனநோய் ஒவ்வொன்றும் பிசாசின் பிடிதான் என்று வேதம் போதிக்கவில்லை. மத்தேயு 4:24இல் ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். பிசாசு பிடித்தவர்களும், சந்திரரோகிகளும், திமிர்வாதக்காரரும் தனித்தனியாகவே கூறப்படுகிறார்கள். ஆகவே, கதரேனருடைய நாட்டு மனிதனின் வரலாற்றைக் கொண்டு நம் வீட்டு நோயாளிக்குப் பெயர் சூட்டக் கூடாது. அதிலிருந்து நாம் கற்க வேண்டியது வேறு. துன்பப்படுகிறவனை ஊர் எவ்வாறு நடத்தியது, ஆண்டவர் எவ்வாறு நடத்தினார் என்பதை அங்கே பார்க்கிறோம்.

அவன் தெளிந்த புத்தியோடு வஸ்திரம் தரித்து உட்கார்ந்திருந்ததைக் கண்ட ஊரார் மகிழவில்லை, பயந்தார்கள். ஆண்டவர் படகேறும்போது, அவரோடு வருவதற்கு அவன் வேண்டிக்கொண்டான். அவர் அனுமதிக்கவில்லை. உன் வீட்டாரிடத்திற்குப் போய், கர்த்தர் உனக்குச் செய்ததை அவர்களுக்குச் சொல் என்று அனுப்பினார். சங்கிலி போட்ட அதே ஊருக்கு அவனைத் திருப்பி அனுப்பியது ஏன்? அவன் சுகம்பெற்றுவிட்டான், ஊரின் பயம் இன்னும் நீங்கவில்லை. அந்தப் பயம் நீங்குவதற்கு அவன் அவர்கள் நடுவில் வாழ வேண்டும், பேச வேண்டும். அவனும் போய்த் தெக்கப்போலி நாடெங்கும் அறிவித்தான்.

ஞாயிறுபள்ளி நடத்தச் சென்றவர்

1841ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறைச்சாலையில் பெண் கைதிகளுக்கு வேதபாடம் நடத்த டொரோத்தியா டிக்ஸ் என்னும் பள்ளி ஆசிரியை சென்றார். அவருக்கு அப்போது 39 வயது நிறையும் தறுவாய். உடல்நலம் குன்றி ஆசிரியப் பணியை விட்டிருந்தவர். பாடம் முடிந்தபின் சிறையின் உட்பகுதியைச் சுற்றிப் பார்த்தார். எக்குற்றமும் செய்யாத மனநோயாளிகள் அங்கே கைதிகளோடு அடைக்கப்பட்டிருந்தார்கள். அந்தக் கடுங்குளிரில் அவர்கள் இருந்த இடத்தில் கணப்பு இல்லை. சித்தம் கலங்கியவர்களுக்குக் குளிர் உறைக்காது என்பது அக்காலத்தார் பலரின் எண்ணம்.

டிக்ஸ் அம்மையார் வீடு திரும்பி அதை மறந்துவிடவில்லை. ஒரு சிறையில் கண்டது மற்ற இடங்களிலும் இருக்குமோ என்று அறிய, ஏறக்குறைய இரண்டாண்டுகள் மாநிலமெங்கும் பயணம் செய்தார். சிறைகளுக்கும் ஏழையர் விடுதிகளுக்கும் நேரில் சென்று, ஒவ்வோர் ஊரிலும் கண்டதைக் குறித்துக்கொண்டார். கூண்டுகளிலும் நிலவறைகளிலும் தொழுவங்களிலும் மனிதர்கள் அடைக்கப்பட்டும், சங்கிலியால் பிணைக்கப்பட்டும், ஆடையின்றியும் கிடந்தார்கள். 1843ஆம் ஆண்டு சனவரியில் இவற்றையெல்லாம் ஊர்ப் பெயர்களோடு ஒரு விண்ணப்பமாக எழுதினார். பெண்கள் சட்டமன்றத்தில் பேசும் வழக்கம் அன்று இல்லாததால், சாமுவேல் கிரிட்லி ஹௌ என்னும் உறுப்பினர் அதை அவையில் வைத்தார். அது அவதூறு என்று சிலர் சீறினார்கள். ஆயினும், கண்டதைக் கண்டபடி எழுதிய அந்த எழுத்தை மறுக்க முடியவில்லை. வூஸ்டர் நகரின் மனநல மருத்துவமனையை விரிவாக்கச் சட்டமன்றம் இசைந்தது. பின்வந்த ஆண்டுகளில் மாநிலம் மாநிலமாகச் சென்று அவர் உழைத்ததன் பயனாக 30க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் புதிதாக எழுந்தன, அல்லது விரிவடைந்தன. தம் முயற்சியால் உருவான டிரென்டன் மருத்துவமனையில் 1887ஆம் ஆண்டு அவர் கண்மூடினார்.

பெயரை மறைக்காத நோயாளி

வரலாறு இங்கே முடிந்திருந்தால் நலமாயிருக்கும். ஆனால், சங்கிலியிலிருந்து விடுவிக்கக் கட்டிய மருத்துவமனைகளே காலப்போக்கில் மதிற்சுவர்களாயின. நகரத்துக்கு வெளியே, மக்கள் கண்ணுக்கு மறைவில் அவை இருந்தன. நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியது. பணியாளரும் பணமும் அதற்கேற்பப் பெருகவில்லை. உறவினரை உள்ளே விட்டுச் சென்றவர்கள் பலர் திரும்பி வரவில்லை. ஒரு தலைமுறை கண்டு சொன்னதை அடுத்த தலைமுறை மறந்தது.

அந்த மதில்களுக்கு உள்ளிருந்து எழுந்த குரல் கிளிஃபோர்ட் பியர்ஸ் என்பவருடையது. 1876ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். அவருடைய அண்ணனுக்கு வலிப்பு நோய் இருந்தது. தனக்கும் அது வந்துவிடும் என்ற அச்சம் அவரை ஆண்டுக்கணக்கில் அரித்தது. 1900ஆம் ஆண்டில் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, காயங்களோடு பிழைத்தார். அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் மூன்று மருத்துவமனைகளில் கழிந்தன. கைகளை உடலோடு சேர்த்து இறுகக் கட்டும் அங்கியும், பணியாளர்களின் அடியும், குளிரறைத் தனிமையும் அவர் அறிந்தவை.

நலமடைந்து வெளியே வந்தபோது, நடந்ததை மறைத்துப் புதிய வாழ்க்கையைத் தொடங்குவதே உலக வழக்குக்கு ஏற்றதாயிருந்திருக்கும். பியர்ஸ் அவ்வாறு செய்யவில்லை. தம் நோயையும், தாம் பட்ட அடிகளையும், தாம் நடந்துகொண்ட விதத்தையும் முழுமையாக எழுதி, 1908ஆம் ஆண்டு தம் சொந்தப் பெயரிலேயே நூலாக வெளியிட்டார். தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் எழுதிய கடிதம் அதற்கு முன்னுரையாய் அமைந்தது. அதே ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தில் மனநலச் சங்கம் ஒன்றையும், 1909ஆம் ஆண்டு நாடு தழுவிய மனநலக் குழுவையும் அவர் தொடங்கினார். படித்த, நல்ல குடும்பத்து இளைஞன் ஒருவன் மனநோய்க்குள் போய்த் திரும்பி வந்து, தெளிவாக எழுதுகிறான் என்பதே வாசித்தவர்களுக்குப் புதிய செய்தியாயிருந்தது.

பியர்ஸின் முடிவையும் நாம் அறிய வேண்டும். முப்பதாண்டு உழைப்புக்குப் பின் நோய் அவரிடம் மீண்டும் வந்தது. 1939ஆம் ஆண்டில் அவர் மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்தார். 1943ஆம் ஆண்டு அங்கேயே காலமானார். அதனால் அவருடைய சாட்சி பொய்யாகிவிட்டதா? இல்லை. முற்றிலும் குணமடைந்து, இனி ஒருபோதும் வராது என்று சொல்லக்கூடியவர்களுக்கே மேடை என்று நாம் சபைகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அப்போஸ்தலனாகிய பவுல் தமது மாம்சத்தில் முள் நீங்காமலே சாட்சி பகர்ந்தார் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

போருக்குப் போகாத வாலிபர்கள்

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, ஆயுதம் ஏந்துவது கிறிஸ்துவின் போதனைக்கு மாறானது என்று உறுதியாய் நின்ற வாலிபர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். மெனோனைட், குவேக்கர் போன்ற சமாதான சபைகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பெரும்பகுதியினர். போருக்குப் பதிலாகப் பொதுச்சேவை செய்ய அரசு அவர்களை அனுமதித்தது. ஏறக்குறைய 12,000 பேர் அவ்வாறு சென்றார்கள். அவர்களில் சுமார் 3,000 பேர் மனநல மருத்துவமனைகளிலும், அறிவுவளர்ச்சி குன்றியோருக்கான இல்லங்களிலும் பணியமர்த்தப்பட்டார்கள். கோழைகள் என்று ஊர் அவர்களை ஏசிய காலம் அது.

அவர்கள் உள்ளே கண்ட காட்சி நூறாண்டுகளுக்கு முன் டிக்ஸ் அம்மையார் கண்டதற்கு அதிக வேறுபட்டதன்று. பணியாளர்கள் போருக்கும் ஆயுத ஆலைகளுக்கும் போய்விட்டதால், நூறு நோயாளிகளுக்கு ஒருவர் என்ற நிலையும் இருந்தது. நிர்வாணமாகத் தரையில் அமர்ந்திருந்தவர்கள், கட்டிலோடு கட்டப்பட்டவர்கள், அடிபட்டவர்கள் என்று கூடங்கள் நிறைந்திருந்தன. அவ்வாலிபர்கள் இயன்றவரை அன்பாய்ப் பணிசெய்தார்கள், திருப்பி அடிக்க மறுத்தார்கள், கண்டதையெல்லாம் எழுதிவைத்தார்கள். பிலடெல்பியா மாநில மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் லார்டு என்னும் குவேக்கர் வாலிபர், சிறிய புகைப்படக் கருவி ஒன்றை மறைத்து எடுத்துச் சென்று அந்தக் கூடங்களைப் படம்பிடித்தார்.

1946ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாளிட்ட 'லைஃப்' வார இதழில் ஆல்பர்ட் மைசல் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அவ்வாலிபர்களின் அறிக்கைகளும் லார்டின் படங்களும் அதில் இடம்பெற்றன. அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைகளில் கிடந்த அந்த இதழைத் திறந்தவர்கள், தங்கள் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமனையின் உட்புறத்தை முதன்முதலாகக் கண்டார்கள். போர்க்காலத்தில் ஐரோப்பிய வதைமுகாம்களின் படங்களைப் பார்த்து அதிர்ந்தவர்கள், தங்கள் ஊருக்கு அருகிலேயே அதுபோன்ற உருவங்களைக் கண்டு திகைத்தார்கள். அவ்வாலிபர்கள் அதே ஆண்டு மனநல அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி, நூல்கள் வழியாகவும் வானொலி வழியாகவும் மக்களிடம் பேசினார்கள். மெனோனைட் சபையாரோ பேசியதோடு நிற்கவில்லை. 1949ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்தில் தங்கள் சொந்த மனநல மையம் ஒன்றைத் திறந்தார்கள். பின் மேற்கிலும் நடுநாட்டிலும் வேறு மையங்களையும் நிறுவினார்கள்.

குடிநோயும் நோயே

மனநோயாளிக்கு இரக்கம் காட்டத் தொடங்கியவர்களும், குடிக்கு அடிமையானவர் பக்கம் திரும்பும்போது முகத்தை இறுக்கிக்கொண்டார்கள். அவனாகத் தேடிக்கொண்டது என்பதே ஊரின் தீர்ப்பு. 1935ஆம் ஆண்டு ஓகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவரும் குடிக்கு அடிமையானவர்கள். ஒருவரிடம் ஒருவர் மறைக்காமல் பேசுவதே தங்களைக் குடியிலிருந்து காக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்ற கூட்டுறவு அவ்வாறு பிறந்தது. நியூயார்க் நகரின் கல்வாரி ஆலயமும் அதன் போதகர் சாமுவேல் ஷூமேக்கரும் அதன் தொடக்கக்கால வளர்ச்சிக்குப் பெருந்துணையாய் இருந்தார்கள். உறுப்பினர் எவரும் தம் முழுப் பெயரைப் பொதுவில் வெளியிட வேண்டியதில்லை என்பது அதன் நெறி. வேலையையும் மானத்தையும் இழக்காமல் உதவி தேட அந்த மறைவு அன்று தேவையாயிருந்தது. இன்றும் பலருக்குத் தேவைதான்.

அக்கூட்டுறவில் குணம்பெற்ற முதல் பெண்களில் ஒருவர் மார்ட்டி மான். 1904ஆம் ஆண்டு சிகாகோவின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர்; குடியினால் எல்லாம் இழந்தவர். 1939ஆம் ஆண்டு, மனநல விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது அவருடைய மருத்துவர் அக்கூட்டுறவை அவருக்கு அறிமுகம் செய்தார். தொடக்கத்தில் இடறி விழுந்ததும் உண்டு, மறுபடியும் எழுந்தார். குடிக்கும் ஆணைக்கூட ஓரளவு பொறுத்துக்கொண்ட சமூகம், குடிக்கும் பெண்ணைச் சிறிதும் பொறுக்கவில்லை. அக்காலத்தில்தான், தாம் குடிநோயாளி என்று மார்ட்டி மான் மேடைகளில் வெளிப்படையாகச் சொன்னார்.

1944ஆம் ஆண்டு, குடிநோய் பற்றிய கல்விக்கான தேசியக் குழுவை அவர் தொடங்கினார். அதன் செய்தி மூன்று கருத்துகளில் அடங்கும். குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். அந்நோயாளிக்கு உதவ முடியும், அவர் உதவிக்குத் தகுந்தவர். இது பொதுச் சுகாதாரச் சிக்கல், ஆகவே பொதுமக்களின் பொறுப்பு. இம்மூன்றையும் அவர் ஊர் ஊராகச் சென்று பல ஆண்டுகள் பேசினார். குடிநோயாளிகளைப் பொது மருத்துவமனைகள் நோயாளிகளாகவே ஏற்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கம் அறிவித்தது.

நோய் என்று சொன்னால் பாவத்தைப் பற்றிய உணர்வு மழுங்கிவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். முதல் கோப்பையை எடுத்தது ஒருவரின் தெரிவாய் இருந்திருக்கலாம். ஆனால், விட நினைத்தும் விட முடியாமல் கை நடுங்கி நிற்பவரைப் பார்த்து, தெரிவு செய் என்று மட்டும் கூறுவது, கால் முறிந்தவரைப் பார்த்து நட என்பது போலாகும். நோய் என்று ஏற்றுக்கொண்டவரே சிகிச்சைக்குப் போகிறார். குணமாகும் வழியில் மனந்திரும்புதலுக்கும் இடமுண்டு. தாம் காயப்படுத்தியவர்களிடம் மன்னிப்பு கேட்கவும் இடமுண்டு. குற்றம் சுமத்தி விரட்டினால், அவர் போகும் இடம் மதுக்கடை ஒன்றே.

உலையில் இட்ட சங்கிலிகள்

1950ஆம் ஆண்டு, பியர்ஸ் தொடங்கிய குழுவும், போருக்குப் போகாத வாலிபர்களின் அறக்கட்டளையும், மற்றொரு அமைப்பும் ஒன்றிணைந்து தேசிய மனநலச் சங்கமாயின. நாடெங்கும் உள்ள மனநல மருத்துவமனைகளில் துருப்பிடித்துக் கிடந்த பழைய சங்கிலிகளையும் கைவிலங்குகளையும் கால்விலங்குகளையும் அச்சங்கத்தார் சேகரித்தார்கள். அவற்றை நியூயார்க்கில் தங்கள் அலுவலக முகப்பில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பின்னர் பால்டிமோர் நகரின் மெக்ஷேன் மணி வார்ப்பாலைக்கு அனுப்பினார்கள். 1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13ஆம் நாள், அந்த இரும்பு உலையில் உருகி, 300 பவுண்டு எடையுள்ள மணியாக வார்க்கப்பட்டது.

சங்கிலிகளைக் கடலில் வீசியிருக்கலாம், பூமியில் புதைத்திருக்கலாம். அவர்களோ அவற்றை மணியாக்கினார்கள். மணி எதற்கு என்பது ஆலயம் செல்லும் நமக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவருக்கும் கேட்கவும், வா என்று அழைக்கவுமே மணி.

நம் நாட்டுச் சங்கிலிகள்

இவையெல்லாம் கடல் கடந்த கதை என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. குடும்பத்தார் அவர்களை அங்கே விட்டது அன்பில்லாமையால் மட்டுமன்று. அருகில் சிகிச்சை இல்லாததும், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியதும் அவர்களை அங்கே கொண்டுசேர்த்தன. அது ஒரு மதத்தாரின் குறை என்று கருதி நாம் நகர்ந்துவிடவும் கூடாது. குணமாகும்வரை மருந்தை நிறுத்து என்றோ, அடித்தால் ஆவி போய்விடும் என்றோ கிறிஸ்துவின் பெயரால் சொல்லப்படும் இடமெல்லாம், அதே சங்கிலியின் வேறு கண்ணிதான்.

இன்று சட்டம் தெளிவாக உள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. 2022ஆம் ஆண்டு முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும், தமிழிலும், மனநல ஆலோசனை பெறலாம். சட்டமும் மருத்துவமனையும் தொலைபேசியும் ஆயத்தமாக உள்ளன. அவற்றை நோக்கி ஒருவர் எடுத்து வைக்க வேண்டிய முதல் அடியைத்தான் வெட்கம் தடுக்கிறது. அந்த வெட்கத்தை ஆக்குவதும் நீக்குவதும் நம் கையில் உள்ளன.

சபையார் செய்யக்கூடியவை

பிரியமானவர்களே, முதலாவது நம் நாவைக் காத்துக்கொள்வோம். பைத்தியம், குடிகாரன், கழண்ட கேஸ் என்ற சொற்களை நகைச்சுவையாகவும் பேசாதிருப்போம். நம் அருகில் அமர்ந்திருப்பவர் அச்சொல்லைக் கேட்டு, வாய் திறக்க நினைத்ததை மறுபடியும் மூடிக்கொள்ளக்கூடும்.

இரண்டாவது, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பிறர் வீட்டு இரகசியத்தைப் பரப்பாதிருப்போம். சாட்சி சொல்லும் உரிமை அதை அனுபவித்தவருக்கே உரியது. பியர்ஸும் மார்ட்டி மானும் தாங்களே விரும்பிப் பேசினார்கள். ஒருவர் பேசாதிருக்க விரும்பினால், அந்த மௌனத்தையும் மதிப்போம்.

மூன்றாவது, ஜெபத்தையும் மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்தாதிருப்போம். இருதய நோயாளிக்காக ஜெபிக்கிறோம்; மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்கிறோம். மனநோயாளிக்கும் அவ்வாறே செய்வோம். மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தும்படி எவருக்கும் ஆலோசனை கூறாதிருப்போம்.

நான்காவது, போய்ப் பார்ப்போம். குழந்தை பிறந்த வீட்டுக்கும் மரித்த வீட்டுக்கும் கூட்டமாய்ப் போகிற நாம், மனநல மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போவதில்லை. அந்தக் குடும்பத்தின் திண்ணையில் அரைமணி நேரம் அமர்ந்து, காபி குடித்து, அறிவுரை கூறாமல் திரும்பி வந்தாலே ஒரு கண்ணி கழலும். ஆலய வளாகத்தில் வெறுமையாய் இருக்கும் அறையைக் குடிநோயாளிகளின் கூட்டத்துக்கு வாரம் ஒரு மாலை திறந்துவிடுவதும் ஊழியமே.

கடைசியாக, இதை வாசிக்கிற உங்களில் ஒருவர் இன்றும் மாத்திரையை மறைத்து வைத்திருப்பவராகவோ, பாட்டிலை மறைத்து வைத்திருப்பவராகவோ இருக்கலாம். உங்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஊர் முழுவதற்கும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. நம்பத்தகுந்த ஒருவரிடம் சொல்லுங்கள். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருமானால், அதை இன்றே சொல்லுங்கள்; மேலே கூறிய எண்ணில் இந்த இரவிலும் பேசலாம். உங்கள் நோய் உங்கள் விசுவாசத்தின் குறைவுக்குக் கிடைத்த தண்டனையன்று. கல்லறைகளின் நடுவே இருந்தவனைத் தேடி ஆண்டவர் கடலைக் கடந்து வந்தார். அந்தக் கரையில் அவர் சந்தித்ததாக மாற்கு பெயரிடாமல் குறிக்கும் மனிதன் அவன் ஒருவனே. அவனுக்காக வந்தது வீண் பயணம் என்று அவர் கருதவில்லை.

ஜெபம்: இரக்கமுள்ள ஆண்டவரே, மனம் நொந்தவர்களையும், மதுவுக்கும் போதைக்கும் அடிமையாகித் தவிக்கிறவர்களையும், அவர்களுக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் குடும்பத்தாரையும் உம் கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். எங்கள் பேச்சாலும் பார்வையாலும் நாங்கள் அவர்களுக்குப் பூட்டிய சங்கிலிகளை மன்னியும். அவர்கள் அஞ்சாமல் பேசக்கூடிய சபையாய் எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.